அந்தோனி நெஸ்டி: குளத்திலும் கரையிலும்

கேள்வி: 1988 சியோல் ஒலிம்பிக்கில் தென் அமெரிக்காவின் சுரினாம் நாட்டு நீச்சல் வீரர் நெஸ்டி ஜெயித்தது அதிர்ஷ்டம்தானே சார்?

பதில்: அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. இரண்டு கைகளையும் ஒன்றாக வீசி நீந்தும் பட்டர்ஃபிளையில், 100 மீட்டர் இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் மாட் பியாண்டிதான் முன்னால் போய்க்கொண்டிருந்தார். சுவரை நெருங்கும்போது அவருக்குக் கைவீச்சுக் கணக்கு சரியாக அமையவில்லை. இன்னொரு முறை கையை வீசாமல், நீட்டிய கையோடு காலை உதைத்துக்கொண்டே போனார். நெஸ்டியோ கடைசி வீச்சை முழுசாகப் போட்டுச் சுவரைத் தொட்டார். அவருக்கு 53.00 நொடி, பியாண்டிக்கு 53.01. நான்கு வருஷம் முன்பு லாஸ் ஏஞ்சலஸில் இதே பந்தயத்தில் 16 வயது நெஸ்டி 21ஆவது இடத்தில் இருந்தார். சியோலுக்குப் பிறகு 1991இல் பெர்த் உலகப் போட்டியிலும் இதே பந்தயத்தில் தங்கம் வாங்கினார். அதிர்ஷ்டம் இப்படித் திரும்பத் திரும்ப வருமா?

கேள்வி: சுரினாமில் பயிற்சிக்கு வசதி இருந்ததா?

பதில்: 50 மீட்டர் குளம் நாட்டுக்கே ஒன்றுதான். டிரினிடாடில் பிறந்து, கைக்குழந்தையாகச் சுரினாமுக்கு வந்தவர் அவர். பதின்ம வயதில் அமெரிக்காவுக்குப் போய், ஜாக்சன்வில்லில் போல்ஸ் பள்ளியில் சேர்ந்தார். அங்கே பயிற்சியாளர் கிரெக் டிராய்.

கேள்வி: ஒலிம்பிக் தங்கம் வாங்கியவரை எடுத்ததுமே தலைமைப் பயிற்சியாளர் ஆக்கிவிட்டார்களா?

பதில்: இல்லை. 1990களின் கடைசியில் புளோரிடா பல்கலைக்கழகத்தில் உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். தலைமைப் பொறுப்பில் இருந்தவர் அதே டிராய். சுமார் 20 வருஷம் அவருக்குக் கீழேயே வேலை பார்த்தார். 2018இல் டிராய் விலகிய பிறகுதான் ஆண்கள் அணி நெஸ்டி கைக்கு வந்தது. 2021இல் பெண்கள் அணியும் சேர்ந்தது. எனக்குச் சியோல் தங்கத்தைவிட இந்த 20 வருஷம்தான் பெரிசு. ஊரே கொண்டாடிய ஒருவர், தன் பெயர் முன்னால் வராத இடத்தில் நின்று தினமும் காலையில் மாணவர்களின் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தார்.

கேள்வி: என் மகள் பட்டர்ஃபிளை நீந்துகிறாள். பட்டர்ஃபிளை வீரராக இருந்தவரிடம்தான் சேர்க்க வேண்டுமா?

பதில்: அவசியமே இல்லை அம்மா. நெஸ்டியையே பாருங்கள். அவர் நீந்தியது குளத்தின் இரண்டே நீளம், ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். அவரிடம் பயிலும் பாபி ஃபிங்க் நீந்துவது 1500 மீட்டர், 30 நீளம். 2024 பாரிஸில் ஃபிங்க் 14:30.67 என்று உலகச் சாதனையோடு தங்கம் வென்றார். அதே போட்டிகளில் 800, 1500 இரண்டிலும் தங்கம் வாங்கிய கேட்டி லெடக்கியும் அவரிடம் பயின்றவர்தான். நெஸ்டி தன் பந்தயத்தை யார்மீதும் திணிக்கவில்லை. உங்கள் மகள் நீந்துவதைப் பார்த்துத் திருத்துகிறவரா என்று கவனியுங்கள். அது போதும்.

கேள்வி: பாரிஸில் அவருக்கு என்ன பொறுப்பு?

பதில்: அமெரிக்க ஆண்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளர். அமெரிக்க ஒலிம்பிக் நீச்சல் அணிக்கு அப்படி வந்த முதல் கறுப்பினத்தவர் அவர்தான்.

கேள்வி: சுரினாம் அப்புறம் பதக்கம் வாங்கியதா?

பதில்: 1992 பார்சிலோனாவில் ஒரு வெண்கலம். அதுவும் நெஸ்டி வாங்கியதுதான், அதே 100 மீட்டர் பட்டர்ஃபிளையில். பாரிஸ் வரைக்கும் அந்த நாட்டுக்கு வேறு ஒலிம்பிக் பதக்கம் எந்த விளையாட்டிலும் கிடையாது.