தூதரகத்தில் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது? – வாசகர் கேள்வி பதில்

போன மாதம் ஏஜென்ட் கட்டணம் பற்றி எழுதியிருந்தேன். சட்டப்படி 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள் என்று. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஏஜென்டைப் பற்றியே இல்லை, தூதரகத்தைப் பற்றித்தான். நானும் கல்ஃபில் பதினொரு வருடம் இருந்து, தூதரக வரிசையில் நிறைய நின்றவன் என்பதால் தெரிந்தவரை சொல்கிறேன்.

கேள்வி: என் வீட்டுக்காரர் ஹவுஸ் டிரைவர் விசாவில் சவூதி போனார். அங்கே மஸ்ராவில் (பண்ணையில்) ஆடு மேய்க்க விட்டிருக்கிறார்கள். ஏழு மாதமாகியும் இக்காமா (தங்கும் அனுமதி அட்டை) எடுக்கவில்லை, பாஸ்போர்ட் கஃபீலிடம் (விசா கொடுத்த முதலாளியிடம்) இருக்கிறது. தூதரகத்துக்குப் போன் செய்தால் அழைத்து வந்துவிடுவார்களா? – ஒரு வாசகி, பரமக்குடி

சகோதரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். தூதரகத்திலிருந்து வண்டி எடுத்துக்கொண்டு போய் மஸ்ரா கதவைத் தட்டி அவரை ஏற்றி வர மாட்டார்கள், அந்த அதிகாரம் அவர்களுக்கு அங்கே கிடையாது. அந்த நாட்டு போலீஸுக்கும் தொழிலாளர் அலுவலகத்துக்கும் எழுதுவது, கஃபீலைப் போனில் பிடித்துப் பேசுவது, கடைசியில் ஊருக்கு வரத் தாள் கொடுப்பது, இவ்வளவுதான் அவர்கள் கையில். கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால் தூதரகத்திலிருந்து ஒரு போன் வந்தாலே இறங்கி வந்த கஃபீல்களை நான் பார்த்திருக்கிறேன். இறங்காதவர்களையும் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் இன்றைக்கே செய்ய வேண்டியது, அவருடைய பாஸ்போர்ட் நகல், விசா நகல், கஃபீல் பெயர், போன் நம்பர், அப்புறம் ரொம்ப முக்கியமாக அவர் இருக்கும் இடத்தின் வாட்ஸ்அப் லொகேஷன், இவற்றைச் சேகரிப்பது. "ரியாத்திலிருந்து நாலு மணி நேரம், பாலைவனம்" என்று சொன்னால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. மக்கா, மதினா, தபூக், அபா பக்கம் என்றால் ஜித்தாவில் இருக்கும் கான்சுலேட்டில் கேட்க வேண்டும், ரியாத், தம்மாம் பக்கம் என்றால் ரியாத் தூதரகத்தில். மாற்றி அனுப்பினால் கடிதம் சுற்றிக்கொண்டிருக்கும். இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் (2015-ல் வந்தது) நீங்களே ஊரில் இருந்தபடி புகார் பதியலாம். அதற்கு ஒரு நம்பர் தருவார்கள், அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவை பேசும்போதும் அந்த நம்பரைச் சொல்லுங்கள். புதிதாகக் கதையை முதலில் இருந்து ஆரம்பிக்காதீர்கள்.

அவரிடம் கோபத்தில் கிளம்பி ஓடி வந்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஓடினால் கஃபீல் 'ஹுரூப்' போட்டுவிடுவான், அதாவது ஆள் ஓடிவிட்டான் என்று பதிவு செய்துவிடுவான். அது விழுந்தால் பாதிக்கப்பட்டவரே குற்றவாளி ஆகிவிடுகிறார். அடி, உதை, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் கதை வேறு, அப்போது யோசிக்காமல் கிளம்பித் தூதரகத்துக்கோ பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்கோ போய்விட வேண்டியதுதான். 2021-ல் சவூதியில் வந்த சீர்திருத்தத்தில் முதலாளி சம்மதம் இல்லாமலேயே வேலை மாறலாம், ஊருக்கு வரலாம் என்றெல்லாம் சொன்னார்களே, அதில் வீட்டு டிரைவரும் ஆட்டு இடையரும் தோட்டக்காரரும் சேரவில்லை. யாருக்கு அது அதிகம் தேவையோ அவர்களை விட்டுவிட்டுப் போட்ட சட்டம் என்பது என் எண்ணம்.

வந்து 90 நாளுக்குள் இக்காமா எடுத்துத் தர வேண்டியது முதலாளியின் பொறுப்பு. பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பதும் அங்கேயே சட்டத்துக்கு விரோதம். போதாததற்கு நம் 1967-ஆம் வருடப் பாஸ்போர்ட் சட்டப்படி அந்தப் புத்தகம் உங்கள் கணவருடையதுகூட இல்லை, இந்திய அரசின் சொத்து. புகாரில் இந்த இரண்டையும் ஒரு வரி எழுதுங்கள். சம்பளப் பாக்கி எவ்வளவு, எந்தெந்த மாதம் என்பதையும் எழுதுங்கள். எனக்கு முன்னால் வரிசையில் நின்ற ஒருவர், மூன்று வருடக் கணக்கை சிகரெட் அட்டையைப் பிரித்து அதன் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதி வைத்திருந்தார். மாதம், வந்தது, வராதது, என்ன சாக்கு சொன்னான் என்பது வரைக்கும். வேறு எந்த ஆதாரமும் அவரிடம் இல்லை. கவுண்டரில் இருந்தவர் அந்த அட்டையைத்தான் ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் வைத்தார்.

கேள்வி: எம்பஸி, ஹை கமிஷன், கான்சுலேட் மூன்றுக்கும் என்ன வித்தியாசம்? – மன்னார்குடி வாசகர்

காமன்வெல்த் நாடு ஒன்று இன்னொரு காமன்வெல்த் நாட்டில் வைத்தால் அதற்கு ஹை கமிஷன் என்று பெயர். அதனால்தான் சிங்கப்பூர், மலேசியா, லண்டனில் நமக்கு எம்பஸி கிடையாது, ஹை கமிஷன். வேலை ஒன்றுதான். அந்த நாட்டின் மற்ற ஊர்களில் இருக்கும் கிளைதான் கான்சுலேட். அமீரகத்தில் தூதரகம் அபுதாபியில், கான்சுலேட் துபாயில். துபாயில் இருப்பவர் அபுதாபிக்கு பஸ் ஏறிப் போய்த் திரும்பி வந்த கதைகள் ஏராளம்.

கேள்வி: மகனும் மருமகளும் பாரிஸ் சுற்றுலா போன இடத்தில் மெட்ரோவில் கைப்பை பறிபோய்விட்டது, மருமகளின் பாஸ்போர்ட் அதில்தான். தூதரகம் பணமும் புது பாஸ்போர்ட்டும் கொடுக்கும் என்கிறார்கள். உண்மையா? – கோவை வாசகர்

பணம் கொடுப்பார்கள் என்று எண்ண வேண்டாம். வீட்டிலிருந்து பணம் வரவழைக்க வழி சொல்வார்கள், அவ்வளவுதான். முதலில் அந்த ஊர்ப் போலீஸில் புகார் கொடுத்து அதன் நகலை வாங்க வேண்டும், அது இல்லாமல் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அவசரம் என்றால் எமர்ஜென்சி சர்டிஃபிகேட் தருவார்கள், கல்ஃபில் நாங்கள் அவுட்பாஸ் என்று சொல்வது இதைத்தான். இந்தியாவுக்கு ஒரே ஒரு தடவை திரும்பி வருவதற்கு மட்டும் அது. பாரிஸ் முடித்து லண்டன் பார்க்கலாம் என்று டிக்கெட் போட்டிருந்தால் அந்தத் திட்டத்தை மறந்துவிடச் சொல்லுங்கள். திரும்பும் விமானமும் முடிந்தால் நேர் விமானமாக இருக்கட்டும், நடுவில் வேறு நாட்டில் இறங்கி ஏறினால் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு ஆயிரம் கேள்வி கேட்பார்கள்.

இன்னொன்று. தொலைந்தது என்று பதிவு செய்துவிட்டால் அந்தப் பாஸ்போர்ட் செத்துவிட்டது. மறுநாள் ஹோட்டல் கட்டிலுக்கு அடியில் கிடைத்தாலும் அதில் பயணம் செய்யக்கூடாது. அதனால் புகார் கொடுப்பதற்கு முன்னால் பெட்டியை ஒரு தடவை முழுக்கக் கொட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். (என் அனுபவம். ஷூவுக்குள் இருந்தது.)

கேள்வி: சிங்கப்பூரில் எங்களுக்குக் குழந்தை பிறந்து பத்து மாதம் ஆகிறது. இருவரும் இந்தியக் குடிமக்கள். ஆஸ்பத்திரிப் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது, அது போதாதா? – ஒரு தந்தை

போதாது, உடனே எழுந்து ஹை கமிஷன் விண்ணப்பத்தை நிரப்புங்கள். சிங்கப்பூரில் பிறந்ததாலேயே அந்த நாட்டுக் குடியுரிமை கிடைக்காது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்பா அம்மா இந்தியர் என்பதால் தானாக இந்தியக் குடியுரிமை வந்துவிடும் என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள், அதுதான் தவறு. 2004 டிசம்பருக்குப் பிறகு வெளிநாட்டில் பிறந்த குழந்தையை ஒரு வருடத்துக்குள் அங்கே இருக்கும் இந்தியத் தூதரகத்தில் பதிந்தாக வேண்டும். ஒரு வருடம் தாண்டினால் மத்திய அரசின் அனுமதி கேட்டு டெல்லி வரை போகும், மாதக்கணக்கில் இழுக்கும். குழந்தைக்கு வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று எழுதியும் கொடுக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. குழந்தை அழாமல் ஒரு போட்டோ எடுப்பதற்கே ஒரு வாரம் போய்விடும்.

கேள்வி: என் அண்ணன் துபாயில் மாரடைப்பால் இறந்துபோனார். உடல் வர எத்தனை நாள் ஆகும், செலவு யாருடையது? – பெயர் வேண்டாம், கடலூர் மாவட்டம்

ஆழ்ந்த வருத்தங்கள். இயற்கை மரணம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்து, காகிதமெல்லாம் சரியாக இருந்தால் சில நாளில் வந்துவிடும். விபத்து, தற்கொலை, சந்தேகம் என்றால் போலீஸ் விசாரணை முடியும் வரை, அது வாரக்கணக்கிலும் ஆகலாம். மரணச் சான்றிதழ், போலீஸின் ஆட்சேபணையில்லாச் சான்று, அப்புறம் கான்சுலேட்டில் மரணத்தைப் பதிந்து, பாஸ்போர்ட்டை ரத்து செய்து, உடலை அனுப்ப அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். உடல் கெடாமல் பதப்படுத்திய பிறகுதான் விமான நிறுவனம் எடுத்துக்கொள்ளும். இதையெல்லாம் அங்கே ஓடிச் செய்ய ஒரு ஆள் வேண்டும். பெரும்பாலும் கூட வேலை செய்தவர்தான் செய்வார், அவருக்கு உங்கள் குடும்பத்திலிருந்து சம்மதக் கடிதம் அனுப்ப வேண்டியிருக்கும்.

செலவு கம்பெனியுடையது, அதை முதலில் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். கம்பெனி கைவிரித்தால் இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று இருக்கிறது. 2009-ல் தொடங்கியது. தூதரகத்தில் நாம் எந்த வேலைக்குப் போனாலும் கட்டணத்தோடு ஒரு சிறு தொகை சேர்த்து வாங்குகிறார்களே, அந்தக் காசுதான் அது. நம் காசு. வசதி இல்லாத குடும்பம் என்றால் உடலைக் கொண்டுவர அதிலிருந்து கேட்கலாம்.

அண்ணன் பத்தாவது தேறாமல் ஈசிஆர் பாஸ்போர்ட்டில் (வேலைக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்) போனவர் என்றால் 'பிரவாசி பாரதிய பீமா' என்ற காப்பீடு எடுத்திருப்பார். அதில் 10 லட்சம் என்பது விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். மாரடைப்புக்கு அந்தத் தொகை வரும் என்று யாராவது கமிஷன் கேட்டால் நம்பி ஏமாறாதீர்கள். ஆனால் சம்பளப் பாக்கி நிச்சயம் உண்டு, ஒரு வருடமாவது வேலை செய்திருந்தால் பணிக்கொடையும் உண்டு. தூதரகம் மூலமாகக் கலெக்டர் அலுவலகத்துக்கு வந்து உங்களிடம் சேரும் வழி இருக்கிறது, தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழை இப்போதே எழுதிப் போட்டு வையுங்கள்.

கேள்வி: விசா தேவையில்லை என்பதால் தம்பி மலேசியா போய் ஹோட்டலில் வேலை செய்து பிடிபட்டுவிட்டான். தூதரகம் வக்கீல் வைத்து வெளியே எடுக்குமா? – திருவாரூர் வாசகர்

2023 டிசம்பரில் இருந்து இந்தியர்களுக்கு விசா இல்லை என்றது சுற்றிப் பார்க்கத்தான். அதை வேலை விசா மாதிரி விற்கிற ஏஜென்டைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

கைதான வெளிநாட்டவர் கேட்டால், அவருடைய நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதமில்லாமல் சொல்லியாக வேண்டும் என்று 1963-ஆம் வருட வியன்னா ஒப்பந்தம் சொல்கிறது. பாகிஸ்தானில் கைதான இந்தியர் குல்பூஷண் ஜாதவ் வழக்கில் 2019-ல் சர்வதேச நீதிமன்றம் பாகிஸ்தானைக் கண்டித்தது இந்த உரிமையை மறுத்ததற்காகத்தான். 'கேட்டால்' என்ற சொல்லைக் கவனியுங்கள். பயத்திலும் வெட்கத்திலும் பல பையன்கள் கேட்பதே இல்லை, வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று. தம்பி வாயால் கேட்கட்டும், நீங்களும் கோலாலம்பூர் ஹை கமிஷனுக்குத் தெரிவியுங்கள். அதிகாரி போய்ப் பார்ப்பார், வக்கீல் பட்டியல் தருவார், ஊருக்கு வர அவுட்பாஸ் தருவார். தீர்ப்பில் தலையிட மாட்டார், அபராதத்தைத் தள்ளுபடி செய்யவும் முடியாது. டிக்கெட் பணத்தைத் தயாராக வையுங்கள், தண்டனை முடிந்த பிறகும் டிக்கெட் இல்லாமல் முகாமில் கிடப்பவர்கள் உண்டு.

கூடவே ஒன்று, கேட்காததற்குப் பதில். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, மாதம் எண்பதாயிரம் என்று இப்போது ஊர் ஊராகப் பேச்சு. பாங்காக்கில் இறங்கியதும் மே சோட் வரை வண்டியில் கொண்டுபோய், ஆற்றைக் கடத்தி மியான்மரின் மியாவடியில் விட்டுவிடுகிறார்கள். அங்கே ஆன்லைன் மோசடி செய்ய வைக்கிறார்கள். அந்தப் பகுதி ஆயுதக் குழுக்களின் கையில் இருப்பதால் தூதரக அதிகாரியால் உள்ளே போக முடியாது. 2025 மார்ச்சில் 549 பேரை இரண்டு விமானப்படை விமானங்களில் அழைத்து வந்தார்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இருந்தபடி தஞ்சாவூர் நிலத்தை விற்க அப்பா பெயருக்கு பவர் கொடுக்க வேண்டும். – வாசகி, டெக்சாஸ்

ஹூஸ்டன் கான்சுலேட்டில் கையெழுத்தைச் சான்று செய்து அனுப்புங்கள். இதுவரை எல்லோரும் சரியாகச் செய்துவிடுகிறார்கள், பிறகுதான் கோட்டை விடுகிறார்கள். அந்தப் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். கூரியர் கவரைக் கிழித்துப் போட்டுவிடாமல் அப்பாவை எடுத்து வைக்கச் சொல்லுங்கள், வந்த தேதிக்கு அதுதான் சாட்சி.

கேள்வி: ஓய்வு பெற்ற மத்திய அரசு ஊழியர் நான். நவம்பரில் மகள் வீட்டில் மெல்போர்னில் இருப்பேன். உயிர்ச் சான்று கொடுக்க ஊருக்கு வர வேண்டுமா? – திருச்சி வாசகர்

வர வேண்டாம் ஐயா. மெல்போர்ன் கான்சுலேட்டிலேயே நேரில் போனால் எழுதித் தருவார்கள், ஓய்வூதியர் உயிர்ச் சான்றுக்குக் கட்டணம் வாங்குவதில்லை. பாஸ்போர்ட்டையும் பிபிஓ (ஓய்வூதிய ஆணை) நம்பரையும் எடுத்துக்கொண்டு போங்கள். நம்பரை ஒரு தாளில் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள், மூக்குக் கண்ணாடியை மகள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாலும் படிக்கிற மாதிரி.