மாடி இன்வெர்ட்டரோடு பேசும் மகள்

“மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம் என்கிறாள். அவளுடைய பெரியப்பா பெரிய கல்லூரியில் இடம் பேசிவிட்டார். வீட்டை வைத்துக் கடன் வாங்கினால் பணம் கட்டிவிடலாம். இவளோ மாடியில் இருக்கும் சோலார் இன்வெர்ட்டரின் கணக்கை நோட்டில் எழுதிக்கொண்டு திரிகிறாள்” என்று ஒரு அம்மா கவலையோடு எழுதியிருக்கிறார்.

கவலை புரிகிறது அம்மா. ஆனால் பயப்பட வேண்டியது அந்தக் கடனுக்கு, நோட்டுக்கு அல்ல. தவணையைப் பெரியப்பா கட்டப்போவதில்லை. பிள்ளைக்குப் பிடிக்காத படிப்புக்கு வீட்டை அடகு வைக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது.

சரி, நோட்டுக்கு வருவோம். சோலார் மின் உற்பத்திக் கணக்கை அலசுவது ஒரு வேலை; உங்கள் மகள் விளையாட்டாகச் செய்வதைச் சம்பளத்துக்குச் செய்கிறவர்கள் உண்டு. 5 கிலோவாட் பேனல்கள் இருக்கின்றன, அன்று அவற்றின் மேல் விழுந்த வெயில் சதுர மீட்டருக்கு 5 கிலோவாட் மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். பேனலின் மேல் எழுதியிருக்கும் திறன்படி, ஐந்தை ஐந்தால் பெருக்கி, 25 யூனிட் (அதாவது கிலோவாட் மணி) வர வேண்டும். 20தான் வந்தது என்றால் செயல்திறன் விகிதம் 80 சதவீதம். மீதி 5 யூனிட் எங்கே போயிற்று என்று துப்புத் துலக்குவதுதான் இந்த வேலை.

வெப்பம் கொஞ்சம் தின்றிருக்கும். பேனலின் திறனை 25 டிகிரியில் அளக்கிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். மற்றதை, ஒரு நாளில் நேரத்துக்கு நேரம் வந்த மின்சாரத்தைக் கோடாகக் காட்டும் வரைபடம் சொல்லும். தெளிந்த நாட்களிலெல்லாம் ஒரே நேரத்தில் பள்ளம் விழுந்தால் ஏதோ நிழல். உச்சி வேளையில் கோடு தட்டையாகிவிட்டால், பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டரின் கொள்ளளவு போதவில்லை. சட்டென்று பூஜ்யத்துக்குப் போய்ச் சில நிமிடங்களில் திரும்பினால், லைனில் வோல்டேஜ் ஏறி இன்வெர்ட்டர் தன்னைத் துண்டித்துக்கொண்டிருக்கலாம். வாரக்கணக்கில் மெல்லச் சரிந்து, மழைக்கு மறுநாள் எழுந்து நின்றால் தூசி. இதையெல்லாம் மாடி ஏறாமலே கண்டுபிடிக்கலாம். உறுதிசெய்ய ஏறத்தான் வேண்டும், அதுவும் வெயிலில். அதையும் அவளிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, இதைப் பழகக் கட்டணம் வேண்டாம். பிவிஅவுட்புட் என்ற தளத்தில் உலகெங்கும் உள்ள வீட்டுக்காரர்கள் தங்கள் உற்பத்திக் கணக்கைப் பொதுவில் போடுகிறார்கள். அதை அலச, பைத்தான் என்ற நிரல் மொழியில் எழுதிய பிவிலிப் என்ற மென்பொருள் இலவசம், அதன் மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. இப்படிப் பகிர்வதால் என்ன லாபம்? தனியாக ஒரு கூரையின் கணக்கை மட்டும் பார்த்தால், குறைந்தது மேகத்தாலா பழுதாலா என்று தெரியாது. பக்கத்துக் கூரைகளின் கணக்கும் இருந்தால் தெரிந்துவிடும். ஷெஃபீல்டு பல்கலைக்கழகக் குழு ஒன்று, மாதிரிக்கு எடுத்த கூரைகளின் அளவீடுகளை வைத்தே பிரிட்டன் முழுவதற்குமான சூரிய மின் உற்பத்தியை அரை மணிக்கொரு முறை மதிப்பிட்டு வெளியிடுகிறது. ஒரே எச்சரிக்கை: உற்பத்தியைப் பகிரலாம், வீட்டின் மின் நுகர்வை வேண்டாம். யாரும் இல்லாத நேரத்தை அது காட்டிக்கொடுத்துவிடும்.

படிப்பு? கைக்கு அடங்கும் செலவில் எலெக்ட்ரிக்கல் அல்லது இயற்பியல், கூடவே புள்ளியியல். டிப்ளமோவில் தொடங்கினாலும் எனக்குச் சம்மதம்தான், உறவினர்கள் முகம் சுளிப்பார்கள் என்றாலும். சோலார் நிலையங்களைப் பராமரிக்கும் நிறுவனங்கள், நாளைய உற்பத்தியை முன்கணிக்கும் மின்கட்டமைப்பு அலுவலகங்கள், நிலையம் வாங்குமுன் அதன் பழைய கணக்கைத் தோண்டும் முதலீட்டாளர்கள் எல்லாருக்கும் இந்த ஆட்கள் தேவை. முதல் சம்பளம் பெரியப்பாவை அசத்தாது.

இப்போதைக்கு ஒரு வேலை கொடுங்கள். இன்வெர்ட்டரின் ஒரு மாதக் கணக்கை ஐந்து நிமிட இடைவெளியில் எடுத்து, அதில் ஒரு பள்ளத்துக்காவது காரணம் கண்டுபிடித்து உங்களுக்குப் புரியும்படி சொல்லட்டும். பாதியில் அலுத்துவிட்டால் எனக்கு எழுதுங்கள், வேறு பார்ப்போம்.