பழைய ஹீட்டர் காயில் இப்போது எங்கே?

கேள்வி: ஹீட்டரில் வெந்நீர் வரவில்லை என்று நான் கூப்பிட்ட மெக்கானிக் முதலில் தெர்மோஸ்டாட்டை (சூட்டைக் கட்டுப்படுத்தும் பாகம்) மாற்றினார், அடுத்த வாரம் காயிலை (தண்ணீரைச் சூடாக்கும் பாகம்) மாற்றினார். இரண்டுக்கும் பணம் வாங்கினார். தண்ணீர் சூடாகவே இல்லை. போன் செய்தால் எரிந்து விழுந்தார். வேறொருவர் வந்து, கருகிப்போன வயர் முனையை வெட்டிவிட்டுச் சரியாக மாட்டியதும் ஹீட்டர் வேலை செய்கிறது. முதல் ஆள் மீது வழக்குப் போடலாமா?

பதில்: அவர் தாமதமாக வந்தது, மரியாதையில்லாமல் பேசியது எல்லாவற்றையும் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். வருத்தம் புரிகிறது, ஆனால் வழக்கு அதில் நிற்காது. கேள்வி ஒன்றுதான்: அவர் கழற்றிய காயில் உண்மையிலேயே பழுதா?

அந்தக் காயில் உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் மல்டிமீட்டர் (மின் அளவு காட்டும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 230 வோல்ட்டில் ஓடும் 2000 வாட் காயில் நன்றாக இருந்தால் சுமார் 26 ஓம் மின்தடை காட்டும். அறுந்திருந்தால் ஓம் கணக்கே வராது. காயிலின் வெளிக்குழாயில் கரண்ட் கசிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டிலும் தேறினால், நல்ல பொருளைக் கழற்றிப் பணம் வாங்கினார் என்று சொல்ல உங்களுக்கு இடம் கிடைக்கும்.

எனக்குக் கவலை தருவது அந்தக் கருகிய வயர் முனை. இரண்டாவது மெக்கானிக் வெட்டி எறிந்துவிட்டார், போட்டோவும் இல்லை என்கிறீர்கள். என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் விழுவது இந்தக் குழியில்தான். 'நான் போகும்போது வயர் நன்றாகத்தான் இருந்தது, பிறகு திறந்தவர் என்ன செய்தாரோ' என்று எதிர்த்தரப்பு ஒரே வரியில் முடித்துவிடும். நீங்கள் போட்ட கையெழுத்து வேறு இருக்கிறது. மெக்கானிக் தந்த ஜாப் கார்டில் (செய்த வேலையைக் குறிக்கும் தாள்) 'வேலை திருப்தி' என்று அச்சடித்த வரிக்குக் கீழே, படிக்காமல் போட்டிருக்கிறீர்கள். ஒருமுறை என் கட்சிக்காரர் பழைய காயிலைப் பையில் போட்டு எடுத்து வந்தார். உப்புப் படிந்து வெள்ளையாக இருந்தது. 'இது அந்த ஹீட்டரில் இருந்ததுதான் என்று எப்படிச் சொல்வது?' என்று எதிர்த்தரப்பில் கேட்டார்கள். கழற்றும்போது எடுத்த ஒரு படம்கூட அவரிடம் இல்லை.

அதனால் சமரசமாகப் போங்கள். இரண்டாவது மெக்கானிக்கிடம் என்ன பார்த்தார், என்ன செய்தார் என்று தேதியோடு இன்றே எழுதி வாங்குங்கள். அதை இணைத்து, காயில் விலையை மட்டும் திருப்பிக் கேட்டு முதல் ஆளுக்குக் கடிதம் அனுப்புங்கள். மன உளைச்சலுக்கு இழப்பீடு என்று அதில் சேர்த்தால் அவரும் வக்கீலைத் தேடுவார், அப்புறம் காயில் விலையும் வராது. பணம் கைக்கு வரும்வரை 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.