கடைக்காரர் எம்.எல்.ஏ. ஆக முடியுமா?

சிறிய ஊரில் கடை வைத்திருப்பவர் எம்.எல்.ஏ. ஆக முடியுமா, கடை நடத்திய அனுபவம் அங்கே கைகொடுக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக ஆகலாம். காமராஜரே சிறுவயதில் விருதுநகரில் தாய்மாமன் துணிக்கடையில் நின்றவர்தான். 1937-இல் சென்னை மாகாணச் சட்டமன்ற உறுப்பினரானார். 1967-இல் சொந்த ஊரில் தோற்ற அவரை, 1969 இடைத்தேர்தலில் நாகர்கோவில் தொகுதிதான் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. குமரிக்காரர்களாகிய எங்களுக்கு அதில் இன்றும் பெருமை உண்டு.

அனுபவத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. தக்கலைப் பக்கம் பலசரக்குக் கடை நடத்துகிறேன். மழை விடாமல் பிடித்துக்கொண்டால் ரப்பர் பால் வெட்டு நின்றுவிடும். "அண்ணாச்சி, வெயில் வரட்டும், தந்துவிடுகிறேன்" என்று சொல்லி அரிசி வாங்கிப் போவார்கள். பற்று நோட்டில் பக்கங்கள் நிறையும். குளச்சலில் கடை வைத்திருக்கும் என் மைத்துனருக்கோ ஜூனும் ஜூலையும்தான் சோதனை. மேற்குக் கரையில் அந்த 61 நாளும் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. கிழக்கே சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம்! தடைக்காலத்துக்கு அரசு தரும் நிவாரணப் பணம் ஒரு வாரம் தாமதித்தால் எந்த வீட்டில் அடுப்பு எரியாது என்பதைக் கடைக்காரருக்கு எந்த அதிகாரியும் விளக்க வேண்டியதில்லை. மக்கள் பிரதிநிதிக்கு இதைவிடப் பெரிய தகுதி வேண்டுமா?

ஆனால் கடையில் கேட்டதை நாமே எடுத்துக் கொடுத்துவிடலாம். சட்டமன்றத்தில் நாம் கேட்கிற இடத்தில் இருப்போம். கேள்வி நேரத்திலும், ஒவ்வொரு துறைக்கும் நிதி ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்திலும் எந்தத் துறையிடம் எதைக் கேட்பது என்பதைப் பொறுமையாகப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

போட்டியிட 25 வயது நிரம்பியிருக்க வேண்டும். பொதுப் பிரிவினருக்கு டெபாசிட் 10,000 ரூபாய். சுயேச்சை என்றால் அதே தொகுதி வாக்காளர்கள் 10 பேர் முன்மொழிய வேண்டும். கடைக்காரர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9-ஏ பிரிவு. மாநில அரசுக்குப் பொருள் வழங்கும் ஒப்பந்தம் நடப்பில் இருந்தால் சட்டமன்றத்துக்குப் போட்டியிடும் தகுதி போய்விடும். அரசு விடுதிக்கு அரிசி, பருப்பு கொடுக்க ஒப்பந்தம் எடுத்திருந்தால், மனுத்தாக்கலுக்கு முன்பே அதை முடித்துக்கொண்டு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். வென்ற பிறகும் தேர்தல் வழக்கில் இதைக் காட்டி வெற்றியைச் செல்லாததாக்க முடியும்.