சென்னையில் உடல்நிலை மோசமானால்: கடலூர், புதுச்சேரி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

திருமணம், தேர்வு, வேலை என்று நம் பகுதியிலிருந்து சென்னைக்குச் சென்று வருபவர்கள் ஏராளம். அங்கிருக்கும்போது திடீரென உடல்நலம் கெட்டால் என்ன செய்வது என்று வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி (நெல்லிக்குப்பம்): சென்னையில் உறவினர் வீட்டு விசேஷத்தின்போது அப்பாவுக்கு நெஞ்சை அடைப்பதுபோல் இருந்தது. "ஊருக்குப் போய் நம்ம டாக்டரிடமே காட்டிக்கொள்ளலாம்" என்று அவர் பிடிவாதம் பிடித்ததால் காரிலேயே கடலூருக்கு அழைத்து வந்துவிட்டோம். நாங்கள் செய்தது சரிதானா?

பதில்: சரியில்லை. அவர் நலமாக இருப்பது மகிழ்ச்சி, ஆனால் இன்னொரு முறை இப்படிச் செய்யாதீர்கள். இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபட்டால், அந்த நிமிடம் முதலே தசை சிறிது சிறிதாக இறக்கத் தொடங்குகிறது. அடைப்பைக் கரைக்கும் ஊசியானாலும், குழாயைத் திறந்து ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைக்கும் சிகிச்சையானாலும், முதல் சில மணி நேரத்துக்குள் கிடைத்தால்தான் முழுப் பலன் தரும். நோயாளி மருத்துவமனைக்குள் நுழைந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர்கள் அவசரப்படும் நோயில், ஏறத்தாழ நான்கு மணி நேரத்தை நீங்கள் சாலையில் செலவிட்டிருக்கிறீர்கள். வழியில் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றிருந்தால், அதை மீட்கும் கருவியும் காரில் இருந்திருக்காது.

பழகிய மருத்துவர் மீதான நம்பிக்கை எனக்குப் புரிகிறது. அவரைத் தொலைபேசியில் அழைத்துப் பழைய மருந்து விவரங்களைக் கேட்டுக்கொள்ளலாம். அவருடைய பதிலுக்காகக் காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல், மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை, மேல்வயிற்று எரிச்சல் என்ற வடிவிலும் மாரடைப்பு வரலாம். அதை "வாயு" என்று சொல்லிச் சோடா குடிக்க வைப்பது நம் வீடுகளில் இன்னும் நடக்கிறது.

பக்கவாதத்துக்கும் இதே அவசரம் பொருந்தும். வாய் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றைக் கண்டால், அவர் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மூளை இரத்தக் குழாயின் அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதால், மருத்துவர் முதலில் கேட்பதும் அந்த நேரத்தைத்தான்.

கேள்வி (வில்லியனூர்): சென்னையில் எனக்குத் தெருவே தெரியாது. 108-ஐ அழைத்தால் இடத்தை எப்படிச் சொல்வது? எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்வது?

பதில்: அருகிலுள்ள கடையின் பெயர்ப் பலகையைப் பாருங்கள், பெரும்பாலான பலகைகளில் தெருவும் பகுதியும் எழுதப்பட்டிருக்கும். கடைக்காரரிடமே போனைக் கொடுத்துப் பேசச் சொல்வது அதைவிடச் சிறந்தது. எதிர்முனையில் இருப்பவர் சொல்லும் வரை இணைப்பைத் துண்டிக்காதீர்கள். 108 கிடைக்காவிட்டால் 112-ஐ அழைக்கலாம்.

எந்த மருத்துவமனை என்ற முடிவைப் பெரும்பாலும் ஆம்புலன்ஸ் ஊழியரிடம் விட்டுவிடுவதே நல்லது. எனினும் சில பெயர்கள் நினைவில் இருக்கட்டும். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை இருக்கிறது. குழந்தைகளுக்கும், பேறுகாலப் பெண்களுக்கும் தனித்தனி அரசு மருத்துவமனைகள் எழும்பூரில் உள்ளன. தீக்காயத்துக்குக் கீழ்ப்பாக்கம். கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் இறங்கியவுடன் தொல்லை என்றால், நகரின் நடுப்பகுதி வரை போக வேண்டியதில்லை. குரோம்பேட்டையிலும் அரசு மருத்துவமனை உண்டு.

கேள்வி (பாகூர்): எங்களிடம் புதுச்சேரி ரேஷன் கார்டுதான் இருக்கிறது. தமிழ்நாட்டு மருத்துவமனையில் எங்களைச் சேர்த்துக்கொள்வார்களா?

பதில்: அவசர நிலையில் எந்த அட்டையும் காட்டாமலேயே முதல் சிகிச்சை பெறும் உரிமை உங்களுக்கு உண்டு, உயிரைக் காப்பதே மருத்துவரின் முதல் கடமை என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதற்குப் பிறகு வரும் செலவுதான் சிக்கல். தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் அம்மாநிலக் குடும்பங்களுக்கு மட்டுமே உரியது. உங்களிடம் ஆயுஷ்மான் பாரத் அட்டை இருந்தால், அந்தத் திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் மாநில எல்லை தாண்டியும் பயன்படுத்தலாம். அட்டையை வீட்டு பீரோவில் பூட்டி வைக்காமல் அதன் படத்தைப் போனில் வைத்திருங்கள். சாலை விபத்து என்றால் நிலைமை வேறு. 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48" திட்டத்தின்படி, விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருந்தால், காயமடைந்தவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணமில்லை.

கேள்வி (பண்ருட்டி): விபத்தில் அடிபட்டவரை நாங்கள் மருத்துவமனையில் சேர்த்தால் போலீஸ், கோர்ட் என்று அலைய நேருமா?

பதில்: நேராது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. பெயரையோ முகவரியையோ சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

கேள்வி (கடலூர் முதுநகர்): இன்சுலின் போட்டுக்கொள்ளும் அம்மாவை மே மாதத்தில் பேருந்தில் சென்னைக்கு அழைத்துச் செல்கிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: இன்சுலினைப் பேருந்தின் அடிப்பகுதியில் வைக்கும் பெட்டிக்குள் போடாதீர்கள்; கைப்பையிலேயே, குளிர்ச்சி காக்கும் உறையில் வைத்திருங்கள். ஐஸ் நேரடியாகப் படும்படி வைப்பதும் தவறு, ஏனெனில் ஒருமுறை உறைந்த இன்சுலின் பயன்படாது. மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப் பெயரும் இருந்தால், வேறு ஊர்க் கடையில் மாற்று மருந்து வாங்குவது எளிது. பேருந்து தாமதமாகி, ஊசி போட்ட பின் சாப்பாடு தள்ளிப்போய் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைவதுதான் உண்மையான ஆபத்து. வியர்த்து, கை நடுங்கி, பேச்சு தடுமாறினால், நினைவு இருக்கும்வரை மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவிழந்துவிட்டால் வாய்வழியாக எதுவும் கொடுக்காமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.

கேள்வி (லாஸ்பேட்டை): சென்னையில் சேர்த்த நோயாளியை எப்போது புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு மாற்றலாம்?

பதில்: உறவினர்களின் வசதி இதைத் தீர்மானிக்கக் கூடாது. இரத்த அழுத்தமும் மூச்சும் நிலைப்பட்டுவிட்டன, பயணம் தாங்கும் என்று சிகிச்சையளிக்கும் மருத்துவர் சொன்ன பிறகே மாற்றலாம். கிளம்புவதற்கு முன், ஜிப்மரில் உரிய பிரிவில் படுக்கை இருக்கிறதா என்று மருத்துவர்கள் தங்களுக்குள் பேசி உறுதி செய்யும்படி கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ஈசிஜி நகல்கள், ஸ்கேன் படங்கள், ஆஞ்சியோ (இரத்தக் குழாய் அடைப்பைக் காட்டும் படம்) எடுத்திருந்தால் அதன் சிடி ஆகிய அனைத்தையும் வாங்கி ஒரே உறையில் போட்டு, நோயாளியுடன் ஆம்புலன்ஸில் ஏறுபவரின் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.