எச்-இண்டெக்ஸ் 52 என்றால் நல்ல டாக்டரா?

கேள்வி: என் அத்தைக்கு சி.எம்.எல். எனும் ரத்தப் புற்றுநோய். எங்களுக்குச் சொல்லப்பட்ட டாக்டர் ஆராய்ச்சியாளரும்கூட. அவரைப் பற்றிய குறிப்பில் '310 ஆய்வுக் கட்டுரைகள், எச்-இண்டெக்ஸ் 52' என்று இருக்கிறது. இதை நம்பிப் போகலாமா?

பதில்: போகலாம், ஆனால் அந்த எண்ணை நம்பி அல்ல. 2005-ல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்த கணக்கு இது. ஒருவர் ஆறு கட்டுரை எழுதியிருக்கிறார், அவற்றை மற்றவர்கள் முறையே 100, 40, 12, 5, 4, 1 தடவை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று வையுங்கள். குறைந்தது நான்கு மேற்கோளாவது வாங்கிய கட்டுரைகள் நான்குக்குக் குறையாமல் இருக்கின்றன, ஐந்து வாங்கியவை ஐந்து இல்லை, ஆகவே எச்-இண்டெக்ஸ் 4. வேடிக்கை என்னவென்றால், அந்த முதல் கட்டுரையின் 100 மேற்கோள், நாளைக்கே பத்தாயிரம் ஆனாலும் இண்டெக்ஸ் அதே 4-தான்! 52 என்பது நீண்ட காலம் விடாமல் உழைத்தவர், சக ஆராய்ச்சியாளர்கள் அவரைப் படிக்கிறார்கள் என்று காட்டும். நோயாளியிடம் உட்கார்ந்து பேசுவாரா என்பதை எந்த இண்டெக்ஸும் காட்டாது. வருடத்துக்கு எத்தனை சி.எம்.எல். நோயாளிகளைப் பார்க்கிறார் என்று நேராகவே கேட்டுவிடுங்கள், தப்பில்லை.

கேள்வி: ஒரே ஆள் 310 கட்டுரை எழுத முடியுமா?

பதில்: தனியாக முடியாது. புற்றுநோய் ஆராய்ச்சியில், அதுவும் மருந்துப் பரிசோதனைகளில், ஒரு கட்டுரைக்கு முப்பது நாற்பது பேர் பெயர் இருப்பது சகஜம். பொதுவாக முதல் பெயர் வேலையைச் செய்தவர், கடைசிப் பெயர் ஆய்வுக்கூடத்தின் தலைவர். நடுவில் இருப்பவர்களில் ராப்பகலாக உழைத்தவரும் இருப்பார், ரத்த மாதிரி அனுப்பியதோடு சரி என்பவரும் இருப்பார்.

கேள்வி: இம்பேக்ட் ஃபேக்டர் அதிகமுள்ள ஜர்னலில் வந்தால் உயர்ந்த கட்டுரைதானே?

பதில்: அது ஜர்னலின் சராசரி. முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு சராசரியாக எத்தனை மேற்கோள் என்பதுதான் கணக்கு. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் நடத்தும் ஒரு ஜர்னலுக்கு 2020-ல் இது 500-ஐத் தாண்டியது. காரணம், ஆண்டுதோறும் அதில் வரும் புற்றுநோய்ப் புள்ளிவிவரக் கட்டுரை. அந்தத் துறையில் யார் எழுத உட்கார்ந்தாலும் முதல் பத்தியில் அதைக் காட்டிவிட்டுத்தான் மேலே போவார். அதே இதழில் வரும் மற்ற கட்டுரைக்கும் அந்தப் பெருமையில் பங்கு கிடைத்துவிடுகிறது, கூட்டுக்குடும்பச் சொத்து மாதிரி.

கேள்வி: நிறைய மேற்கோள் வாங்கிய ஆய்வு சரியாகத்தான் இருக்கும், இல்லையா?

பதில்: இல்லை. 'இவர் சொன்னது தவறு' என்று எழுதினாலும் அது ஒரு மேற்கோள். தன் கட்டுரையைத் தானே காட்டிக்கொள்வதும் உண்டு. ஆம்ஜென் மருந்து நிறுவனத்தினர் புற்றுநோய்த் துறையின் 53 முக்கிய ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்ததில் 6-ன் முடிவுகள் மட்டுமே உறுதியாயின என்று 2012-ல் 'நேச்சர்' இதழில் செய்தி வந்தது.

கேள்வி: அப்புறம் எதைத்தான் ஓர் ஆய்வின் தாக்கம் என்பது?

பதில்: முதல் கேள்வி கேட்டவரின் அத்தையிடமே பதில் இருக்கிறது. 1960-ல் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், சி.எம்.எல். நோயாளிகளின் ரத்த அணுக்களில் ஒரு குரோமோசோம் அளவுக்கு மீறிச் சின்னதாக இருப்பதாக ஒரு குறுங்குறிப்பு வெளியிட்டார்கள். ஏன் சின்னது என்பதற்கு 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜேனட் ரௌலி என்ற ஆராய்ச்சியாளர் குரோமோசோம் படங்களைத் துண்டு துண்டாக வெட்டி, வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி ஜோடி சேர்த்துப் பார்த்தார். அம்மா பொம்மை வைத்து விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கிண்டலடித்தார்களாம். அவர் கண்டது, 9-வது குரோமோசோமும் 22-வதும் தங்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டிருந்தன. அந்த இடமாற்றத்தால் உருவாகும் கோளாறான புரதத்தைக் குறிவைத்து வந்த மருந்துதான் இமாட்டினிப், 2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒரு சின்னக் குறிப்பிலிருந்து மாத்திரை வரை 41 வருடம். நடுவில் ஏதோ ஒரு வருடத்தில் யாராவது கணக்குப் பார்த்திருந்தால் இதற்கு என்ன மார்க் போட்டிருப்பார்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

கேள்வி: மேற்கோள்களை எண்ணித் தரும் தளங்களில், கூகுள் ஸ்காலரில் ஒரு எச்-இண்டெக்ஸ், ஸ்கோப்பஸில் வேறு எண். எது சரி?

பதில்: இரண்டும் அவரவர் கணக்கில் சரி. கூகுள் புத்தகம், ஆய்வேடு எல்லாவற்றையும் சேர்ப்பதால் பொதுவாகக் கூடுதலாகக் காட்டும். ஒரே பெயர் கொண்ட இருவரின் கட்டுரைகளையும் சில சமயம் குழப்பிவிடும். ஆளுக்கு ஒரு நிரந்தர எண் தரும் ஆர்கிட் பக்கம் இருந்தால் அதில் சரிபாருங்கள்.