மாமன் மகளும் அத்தை மகளும் ஒருத்தியே: ராணி மரியா தெரேசா பற்றிக் கேள்வி பதில்

பிரான்சின் பதினான்காம் லூயியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள், அவருடைய பட்டத்து ராணியை இரண்டு வரியில் கடந்துவிடுவார்கள். பக்திமான், அசடு, சாக்லேட் பிரியை, முடிந்தது. ஸ்பெயின் அரசர் நான்காம் பெலிப்பேயின் மகளான அந்த மரியா தெரேசாவைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: லூயியும் இவரும் நெருங்கிய உறவினர்கள் என்கிறார்களே, எவ்வளவு நெருக்கம்?

ஐரோப்பிய மொழிகளில் இதை விளக்க ஒரு வரைபடம் வேண்டும். தமிழில் ஒரே வரி போதும்: பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம். 1615இல் ஸ்பெயின் இளவரசி ஆன், பிரான்சின் பதின்மூன்றாம் லூயிக்கு மனைவியாகப் போனார். அந்த லூயியின் தங்கை எலிசபெத், ஆனின் தம்பி பெலிப்பேக்கு மனைவியாக ஸ்பெயினுக்கு வந்தார். ஆனின் மகன் பதினான்காம் லூயி. எலிசபெத்தின் மகள் மரியா தெரேசா. ஆகவே லூயிக்கு இவர் மாமன் மகள், அத்தை மகள் இரண்டும்தான். நம் கணக்கில் இரட்டை முறைப்பெண். இவ்வளவு நெருங்கிய உறவில் மணப்பதைக் கத்தோலிக்கத் திருச்சபை தடுத்ததால், ரோமிலிருந்து போப்பாண்டவரின் விலக்குச் சீட்டு வாங்கித்தான் திருமணம் செய்ய முடிந்தது.

இருவருக்கும் வயதும் ஒன்றே. லூயி பிறந்தது 1638 செப்டம்பர் 5. இவர் செப்டம்பர் 10.

கேள்வி: இது காதல் திருமணமா, அரசியல் திருமணமா?

காதல் வேறு இடத்தில் இருந்தது. பிரான்சின் முதலமைச்சர் கர்தினால் மசாரினின் சகோதரி மகள் மாரி மான்சினிதான் லூயியின் மனத்தில் இருந்தவர். மசாரின் அந்தப் பெண்ணைத் தொலைதூரக் கடற்கரை ஊருக்கு அனுப்பிவிட்டார். தன் வீட்டுப் பெண்ணே பிரான்சின் ராணியாகும் வாய்ப்பைக் கையால் தள்ளிய மனிதர் என்று அவருக்கு ஒரு பாராட்டு சொல்லலாம்.

1635 முதல் பிரான்சும் ஸ்பெயினும் போரில் இருந்தன. ஸ்பெயினுக்கோ பெண் கொடுக்கத் தயக்கம். அங்கே பெண்களும் அரியணை ஏறலாம். 1646இல் அண்ணன் இறந்தபின் பல ஆண்டுகள் மரியா தெரேசாதான் வாரிசு. 1657இல் தம்பி ஒருவன் பிறந்த பிறகே பெண் கொடுப்பதைப் பற்றி யோசிக்க முடிந்தது. 1658இல் மசாரின், சவோய் நாட்டு இளவரசியைப் பெண் பார்க்க என்று லூயியை லியோன் நகருக்கு அழைத்துப்போய் நாடகம் ஆடினார். பதறிப்போன பெலிப்பே உடனே தூதரை அனுப்பினார். 1659 நவம்பர் 7இல் பிரனீஸ் உடன்படிக்கை. மறு ஆண்டு கல்யாணம்.

கேள்வி: ஐயா, ஆற்று நடுவே ஒரு தீவில் பெண்ணை ஒப்படைத்ததாகப் படித்தேன். உண்மையா?

உண்மை. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடமும் அதுதான், கொஞ்சம் நீட்டுகிறேன்.

இரு நாட்டு எல்லையில் ஓடும் பிடாசோவா ஆற்றில் ஃபெசன்ட் தீவு என்று ஒரு மணல்திட்டு. எந்த அரசரும் மற்றவர் மண்ணில் கால் வைக்கக் கூடாது என்பதால் தீவில் ஒரு மண்டபம் எழுப்பினார்கள். ஸ்பெயின் தரப்பு அலங்காரப் பொறுப்பு யாருக்குத் தெரியுமா? ஓவியர் வேலாஸ்கெஸுக்கு. அரண்மனையில் அவருக்கு அதுவும் ஒரு வேலை. மரியா தெரேசாவைச் சிறு வயதிலிருந்து வரைந்தவர் அவர். இடுப்புக்குக் கீழே இரண்டு கடிகாரங்கள் தொங்க அவர் வரைந்த படம் இன்றும் வியன்னாவில் இருக்கிறது. மணமகன் தேடும் காலத்தில் அனுப்பிய படம் அது. தீவு வேலை முடிந்து மாட்ரிட் திரும்பியவர் 1660 ஆகஸ்ட் 6இல் இறந்தார்.

1660 ஜூன் 3இல் எல்லையின் ஸ்பெயின் பக்கம், ஃபுவெந்தெராபியாவில் முதல் கல்யாணம். மாப்பிள்ளை வரவில்லை, அவருக்குப் பதிலாக ஸ்பெயின் அமைச்சர் லூயிஸ் தெ ஆரோ நின்றார். பிறகு தீவில் சந்திப்பு. மண்டபத்தின் நடுவே இரு கம்பளங்கள் சேரும் கோடுதான் எல்லை. அக்காவும் தம்பியும், ஆனும் பெலிப்பேயும், 45 ஆண்டுகளுக்குப் பின் அங்கேதான் பார்த்துக்கொண்டார்கள். ஆன் முத்தமிட முகத்தைக் கொண்டுபோனார்; ஸ்பெயின் மரியாதை முறைப்படி பெலிப்பே தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். ஆனால் மகளைப் பிரியும்போது அதே மனிதர் அழுதார். தந்தையும் மகளும் அதன்பின் சந்திக்கவே இல்லை. ஜூன் 9இல் சேன் ழான் தெ லூஸ் தேவாலயத்தில் இரண்டாவது கல்யாணம், இம்முறை மாப்பிள்ளையோடு.

கேள்வி: வரதட்சணை பாக்கியால் போர் வந்தது என்பது மிகைப்படுத்தல் அல்லவா?

பாக்கி ஒன்றே காரணம் என்றால் மிகை. பாக்கியைக் காரணம் காட்டினார்கள் என்றால் சரி.

பேசிய தொகை 5 லட்சம் பொற்காசுகள், மூன்று தவணையில். அதற்கு ஈடாக மரியா தெரேசா ஸ்பெயின் சொத்து, அரியணை எதிலும் உரிமை கோர மாட்டேன் என்று எழுதிக்கொடுத்தார். பிரான்சின் பேச்சாளர் யூக் தெ லியோன் அந்தப் பத்திரத்தில் ஒரு சின்னச் சொல்லைச் செருகினார்: பணம் வந்து சேரும் பட்சத்தில். போரால் நொடித்துப்போன ஸ்பெயினால் கட்ட முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். தொகை வரவில்லை. பத்திரம் செல்லாது என்றார் லூயி.

1665இல் பெலிப்பே இறந்தார். பட்டத்துக்கு வந்த இரண்டாம் கார்லோஸ், இரண்டாம் தாரத்து மகன். அப்போது ஸ்பெயின் வசம் இருந்த நெதர்லாந்தின் தென்பகுதியில் பிரபாந்த் என்ற இடத்தில், மூத்த தாரத்துப் பிள்ளைகளுக்கே சொத்து என்று தனியார் சொத்துக்கான ஒரு வழக்கம் இருந்தது. அதைத் தூசு தட்டி எடுத்து, மனைவியின் பங்கு என்று சொல்லி 1667இல் படையோடு நுழைந்தார் லூயி. அடுத்த ஆண்டு அமைதி ஏற்பட்டபோது லீல் நகரம் பிரான்சுக்கு வந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. தன் பெயரால் தன் தம்பியின் நாட்டைப் பிடிக்கும் கணவனோடு அந்தப் பயணத்தில் ராணியும் போனார்.

கேள்வி: கணவருக்கு வேறு பெண்கள் இருந்தும் அவர் ஏன் பொறுத்துக்கொண்டார்? எனக்குக் கோபமாக வருகிறது.

வரட்டும், நியாயமான கோபம்தான். முதலில் லூயிஸ் தெ லா வல்லியேர், பிறகு மாதாம் தெ மோந்தெஸ்பான். ஒரு காலத்தில் ராணியும் இவர்கள் இருவரும் ஒரே கோச்சு வண்டியில் போக, மூன்று ராணிகளைப் பார்க்க ஊர் திரண்டது. பொறுக்காமல் எங்கே போவது? திரும்பிப் போகப் பிறந்தகம் கிடையாது. அதைத்தான் கணவன் தாக்கிக்கொண்டிருக்கிறான். ஆறுதலாக இருந்தவர் மாமியார், சொந்த அத்தை. இருவரும் ஸ்பானிய மொழியில் பேசிக்கொள்வார்கள். 1666இல் அவரும் போய்விட்டார்.

ஆறு பிள்ளைகள் பெற்றதில் மூத்தவன் ஒருவன்தான் தங்கினான். மற்ற ஐவரும் ஆறு வயதை எட்டவில்லை.

‘அசடு’ என்ற பட்டத்தைச் சுமத்தியவர்களில் பலருக்கு அவர் மொழி தெரியாது. தடுமாறும் பிரெஞ்சில் பேசுகிறவரிடம் சாதுரியப் பேச்சை எதிர்பார்த்த அரண்மனை அது. 1672இல் லூயி போருக்குப் போனபோது ஆட்சிப் பொறுப்பை இவரிடம் விட்டுத்தான் போனார்.

கேள்வி: சாக்லேட், கறுத்த பற்கள்?

அவருடைய ஓரகத்தி, லூயியின் தம்பி மனைவி எலிசபெத் சார்லொத் சொன்னது. சாக்லேட்டும் பூண்டும் காரணமாம். அதே பெண்மணி இன்னொன்றும் சொல்கிறார்: அரசர் வந்து தங்கிய மறுநாள் ராணி முகமெல்லாம் சிரிப்பாக, சின்னக் கைகளைத் தேய்த்துக்கொண்டு இருப்பாராம். இருபது ஆண்டுகளுக்குப் பிறகும். எனக்குப் பற்களைவிட இதுதான் நினைவில் நிற்கிறது.

கேள்வி: கறுப்பினக் குழந்தை பெற்று மறைத்தார் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.

மோரே என்ற ஊர் மடத்தில் ஒரு கறுப்பினக் கன்னியாஸ்திரி இருந்தது உண்மை. அவர் ஓவியம் பாரிஸில் இருக்கிறது. ராணியின் மகள் என்பதற்குச் சான்று இல்லை. 1664 நவம்பரில் குறைமாதத்தில் பிறந்த மாரி ஆன் அடுத்த மாதமே இறந்தாள். பிரெஞ்சு ராணிகள் பிள்ளை பெறுவது அறை நிறைந்த சாட்சிகள் முன்னால். அங்கே குழந்தையை மாற்ற வழி ஏது?

கேள்வி: ‘ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும்’ என்றது இவரா?

வழக்கமாக இதைப் பிற்கால ராணி மாரி அந்துவானெத் தலையில் கட்டுவார்கள்; அவர் சொன்னதாகச் சான்று கிடையாது. பதினெட்டாம் லூயி தன் நினைவுக் குறிப்பில், தன் குடும்பத்தில் வழங்கிவந்த கதையாக, பணியாரத்தின் மேலோட்டைத் தின்னட்டும் என்று சொன்னவர் மரியா தெரேசா என்கிறார். நூறு ஆண்டுகளுக்குப் பிந்தைய வீட்டுக் கதை. நான் நம்பவில்லை.

கேள்வி: எப்படி இறந்தார்?

அக்குளில் வந்த ஒரு கட்டி. மருத்துவர்கள் இரத்தத்தை வடித்தார்கள், வாந்திக்கு மருந்து கொடுத்தார்கள். நாலைந்து நாளில், 1683 ஜூலை 30, வெர்சாய் அரண்மனையில் முடிந்துவிட்டது. வயது 44. அவர் தனக்குத் தந்த முதல் துன்பம் இதுதான் என்று லூயி சொன்னதாகக் குறித்துவைத்திருக்கிறார்கள். பாராட்டாகச் சொன்னாரோ என்னவோ, எனக்கு அது குற்ற ஒப்புதலாகவே கேட்கிறது. சில மாதங்களில், மோந்தெஸ்பானுக்குத் தன்னால் பிறந்த பிள்ளைகளை வளர்த்த மாதாம் தெ மேந்தெனோனை இரகசியமாக மணந்துகொண்டார்.

அந்த டிசம்பரில் பேரன் பிலிப் பிறந்தான். 1700இல் கார்லோஸ் பிள்ளையின்றி இறந்தபோது, பாட்டி எழுதிக்கொடுத்தும் அழியாத உரிமையால் ஸ்பெயின் அரியணை அவனுக்குப் போனது. அதை எதிர்த்து 1701 முதல் பதின்மூன்று ஆண்டு போர். இன்றைய அரசர் ஆறாம் பெலிப்பே அந்த வழிதான்.

கேள்வி: அந்தத் தீவு இன்னும் இருக்கிறதா? போகலாமா?

இருக்கிறது, சுமார் 200 மீட்டர் நீளம். பிப்ரவரி முதல் ஜூலை வரை ஸ்பெயினுடையது, ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை பிரான்சுடையது. பொதுவாக இறங்க விடமாட்டார்கள். கரையிலிருந்து பார்த்தால் மரங்களும் நடுவே ஒரு நினைவுக் கல்லும் தெரியும்.